மூளைக்குள் எத்தனை ஊற்றுகள்?

சேலம், நாமக்கல் பக்கத்துத் தோட்டக் கிணறுகளின் குணம் நம்மில் பலருக்குத் தெரியும். ஒரு கிணற்றில் பம்புசெட் ஓடினால், தள்ளியுள்ள வேறொரு கிணற்றில் நீர் இறங்கும். பக்கத்துக் கிணறோ அசையாது. பாறை வெடிப்புகள் எதை எதோடு இணைக்கின்றன என்பது மேலிருந்து தெரியாது. ஆனால் நாள்தோறும் நீர்மட்டத்தைக் குறித்து வந்தால், ஒத்து ஏறி இறங்கும் கிணறுகளை ஓர் ஊற்றைச் சேர்ந்தவை என்று பிரித்துவிடலாம்.

மூளையை ஆராய்பவர்களும் இதையே செய்கிறார்கள். இரத்தத்தில் பிராணவாயுவின் அளவு மாறும்போது அதன் காந்தத் தன்மையும் மாறும். இதைக் கொண்டு மூளையின் வேலையைப் படமெடுக்க 1990-இல் வழிகாட்டியவர் ஜப்பானிய அறிஞர் செய்ஜி ஒகாவா. கருவி மூளையைப் பல்லாயிரம் சிறு துண்டுகளாகக் கொண்டு, ஏறத்தாழ இரண்டு விநாடிக்கு ஒருமுறை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தருகிறது. பத்து நிமிடத்தில் துண்டுக்கு 300 எண்கள்! 1995-இல் பாரத் பிஸ்வாலும் உடன் ஆய்வாளர்களும், ஒருவர் கையசைக்காமல் படுத்திருக்கும்போதும், இரு கைகளையும் இயக்கும் பகுதிகளின் எண்கள் சேர்ந்தே ஏறி இறங்குவதைக் கண்டனர். நாம் சும்மா இருந்தாலும் மூளை சும்மா இருப்பதில்லை.

ஆனால் மழை பெய்தால் எல்லாக் கிணறும் ஏறுமே, அதனால் எல்லாம் ஒரே ஊற்று என்போமா? தலை சற்று அசைந்தாலும், ஏன், மூச்சு விட்டாலுமே பல இடங்களில் எண்கள் சேர்ந்து மாறும். அதை முதலில் கழிக்க வேண்டும். பிறகு, கூட்டங்கள் ஐந்தா, ஐம்பதா? பல முறைகளில் இதை நாமே முன்கூட்டிச் சொல்லியாக வேண்டும்.

இங்கேதான் தாமஸ் பேய்ஸ் உதவுகிறார். இங்கிலாந்துப் போதகரான இவர் 1761-இல் காலமானார். இவரது கட்டுரையை நண்பர் ரிச்சர்டு பிரைஸ் 1763-இல் வெளிவரச் செய்தார். முன்பே நாம் கொண்டுள்ள எண்ணத்தைச் சான்று வர வர எவ்வளவு திருத்த வேண்டும் என்று கணக்கிடும் வழி அது. அடுத்தடுத்த துண்டுகள் ஒரே கூட்டமாக இருக்கலாம் என்று தொடங்குகிறோம். எண்கள் இணங்கினால் நம்பிக்கை கூடும், முரண்பட்டால் குறையும். கூட்டங்களின் எண்ணிக்கையையும் இவ்வாறே சான்றுகளிடம் விடலாம். கணினி ஆயிரக்கணக்கான தடவை பிரித்துப் பார்க்கும். இரு துண்டுகள் 100-க்கு 95 தடவை சேர்ந்து விழுவது வேறு, 55 தடவை விழுவது வேறு.

மூளைக் கட்டியை அகற்றும் மருத்துவருக்கு இந்த வேறுபாடு பெரிது. பேச்சுக்குரிய பகுதி எங்கே முடிகிறது? அழுத்தமாகக் கோடு போட்டுக் காட்டும் படத்தைவிட, "இந்த ஓரம் ஐயத்துக்குரியது" என்று சொல்லும் படமே எங்களுக்கு நேர்மையாகப் படுகிறது. அத்தகைய ஓரங்களில், சில அறுவைச் சிகிச்சைகளின்போது, நோயாளியை விழித்திருக்க வைத்துப் பேசச் சொல்லி, மெல்லிய மின்சாரத்தால் தொட்டுப் பார்த்த பிறகே மருத்துவர் கத்தியை வைக்கிறார்.