தோட்ட வண்டியின் கியர்க்கோல்: கோளாறும் தீர்வும்

இரப்பர்ப் பால் காத்திருக்கும் பொருள் அன்று. விடியற்காலையில் மரம் சீவி, மங்கில் சேர்ந்த பாலை வாளியில் எடுத்து, பீப்பாயில் ஊற்றியபின் காலந்தாழ்த்தாமல் கொட்டகைக்குக் கொண்டு சேர்த்தல் வேண்டும். தாமதித்தால் பால் உறையத் தொடங்கும். நீர்ப்பாலுக்குரிய விலை உறைந்த பாலுக்குக் கிடைப்பதில்லை என்பதை வாசகர்கள் நன்கறிவர்.

முன்னாளில் காண்டாக்கம்பும் தோள்வலியும் செய்த இப்பணியை இந்நாளில் சில தோட்டங்களில் ஒரு சிறு வண்டி செய்கின்றது. இருவர் அருகருகே அமர, பின்னால் சுமை ஏற்றும் தட்டு உடைய நான்கு சக்கர வண்டி அது. சேற்றிலும் மேட்டிலும் செல்லக்கூடியது. யூ.டி.வி. என்னும் பெயரால் இதனைப் பலர் அறிவர். ஜப்பானியக் கவாசாக்கி நிறுவனம் 1988-ஆம் ஆண்டில் இவ்வகை வண்டி ஒன்றை வெளியிட்டபோது அதற்கு ‘மியூல்’ என்று பெயரிட்டது. கோவேறு கழுதை என்பது அச்சொல்லின் பொருள். சுமை தூக்கும் விலங்கின் பெயர் சுமை தூக்கும் வண்டிக்குப் பொருத்தமே. ஆயினும் கழுதையைப் போலவே இவ்வண்டியும் சில வேளைகளில் முரண்டு பிடிப்பதுண்டு. அம்முரண்டு பெரும்பாலும் கியர்க்கோலில்தான் வெளிப்படும்.

ஒரு மழைக்காலத்தில் நாம் ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தோம். மேட்டுச் சரிவில் பால் பீப்பாய்களுடன் ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தது. பின்செல்லும் கியரிலிருந்து கோல் வெளிவரவில்லை. ஓட்டுநர் இளைஞர். காலை ஊன்றிக்கொண்டு இரு கைகளாலும் கோலை இழுத்தார். ஏதோ வளையும் ஓசை கேட்டது. கோல் துவண்டு போயிற்று. பட்டறையிலிருந்து வந்த மெக்கானிக் இருக்கையைத் தூக்கிப் பார்த்தார். கியர்க்கேபிளின் நுனியை மூடும் இரப்பர் உறை கிழிந்து, உள்ளே மண் புகுந்து காய்ந்து இறுகியிருந்தது. கேபிளைத் தாங்கும் இரும்புத் தாங்கியோ, இழுத்த வேகத்தில் வளைந்து விட்டிருந்தது.

“மண் செய்த கோளாறு அரைமணி நேர வேலை. கை செய்த கோளாறுக்குத்தான் புதுச் சாமான் வாங்க வேண்டும்” என்றார் அவர்.

பிறகு அந்த இளைஞர் நம்மிடம் தாழ்ந்த குரலில் சொன்னது இது: “மூன்று நாளாகவே கோல் இறுக்கமாகத்தான் இருந்தது, ஐயா. சொன்னால் நான்தான் கெடுத்தேன் என்பார்களோ என்று பயந்து சொல்லாமல் இருந்துவிட்டேன்.”

அன்று மூன்று பீப்பாய்ப் பால் கொட்டகைக்குச் சேருமுன் உறைந்து போயிற்று. அவ்விளைஞரின் அச்சமும் மெக்கானிக்கின் சொல்லுமே இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டின.

கியர் எவ்வாறு விழுகின்றது?

கோளாற்றை அறியுமுன் அமைப்பை அறிதல் நலம். லாரியில் உள்ளதுபோல் இவ்வண்டியில் கிளட்ச் மிதி இல்லை. எந்திரத்தின் சுழற்சி ஒரு பெல்ட் வழியாகக் கியர்ப்பெட்டிக்குச் செல்கின்றது. கியர் மாற்றாமல் ஓடும் ஸ்கூட்டரிலும் இம்முறையே உண்டு. பெல்ட்டின் இரு முனைகளிலும் இரண்டு கப்பிகள் உள்ளன. ஒவ்வொரு கப்பியும், இரண்டு தாம்பாளங்களை முதுகோடு முதுகாக வைத்தாற்போல், நடுவில் பள்ளம் உடையது. எந்திரம் மெல்லச் சுழலும்போது முன்கப்பியின் தட்டுகள் விலகி நிற்கும், பெல்ட்டைப் பற்றா. எண்ணெய் மிதியை அழுத்தினால் தட்டுகள் நெருங்கிப் பெல்ட்டைப் பற்றும், வண்டி நகரும். சிலவகை வண்டிகளில் இந்தப் பற்றும் வேலையைத் தனியாக ஒரு கிளட்ச் செய்யும்.

கியர்ப்பெட்டிக்குள் வேகம், மெதுவேகம், நடுநிலை, பின்செலவு ஆகிய நிலைகளே உண்டு. சில வண்டிகளில் நிறுத்தநிலையும் இருக்கும். நாம் கோலை நகர்த்தும்போது ஒரு கேபிள் இழுபட்டோ தள்ளப்பட்டோ, பெட்டியின் வெளியே உள்ள சிறு கையை அசைக்கும். அக்கை, உள்ளே உள்ள கவ்வும் பற்களை ஒன்றோடொன்று சேர்க்கும்.

சுழலும் பற்களையும் நிற்கும் பற்களையும் சேர்க்க இயலாது என்பது இங்கே அறியவேண்டிய உண்மை. சேர்த்தால் கரகரவென்று அரையும். ஆகவே கியர் மாற்றும் நேரத்தில் வண்டி முற்றிலும் நின்றிருக்க வேண்டும்; எந்திரம் மெல்லச் சுழல வேண்டும்; பெல்ட் பற்றற்று இருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் கோல் மறுக்கும்.

காரணத்தைக் கண்டறியும் முறை

கோல் இறுகியவுடன் கியர்ப்பெட்டி கெட்டுவிட்டது என்று எண்ணுதல் வழக்கம். அவ்வாறு எண்ண வேண்டுவதில்லை. பெரும்பாலான கோளாறுகள் பெட்டிக்கு வெளியிலேயே இருக்கும். ஆகவே எளியதிலிருந்து அரியதை நோக்கிச் செல்வோம்.

முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக்கை இட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். எந்திரத்தை நிறுத்திவிட்டுக் கோலை எல்லா நிலைகளுக்கும் நகர்த்திப் பாருங்கள். பிறகு கால்பிரேக்கை அழுத்திக்கொண்டு, எந்திரம் மெல்லச் சுழலும்போது அதனையே செய்யுங்கள். இவ்விரண்டையும் ஒப்பிட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

எந்திரம் நின்றிருக்கையில் கோல் எளிதாகச் சென்று, சுழலுகையில் மட்டும் அரைந்து மறுக்குமாயின், பெல்ட் பற்றுவிடவில்லை என்று கொள்க. எந்திரத்தின் மெதுச் சுழற்சி கூடுதலாக இருப்பது இதற்கு ஒரு காரணம். பல வண்டிகளில் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,200 சுற்று என்ற அளவில் இருக்கும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் உள்ளது. எண்ணெய் மிதியின் கம்பி சேற்றால் முழுவதும் திரும்பாமல் இருந்தாலும் சுழற்சி உயரும். கப்பியில் தூசி அடைந்திருத்தலும், வண்டிக்குப் பொருந்தாத பெல்ட்டை இட்டிருத்தலும் பிற காரணங்கள். கப்பியையும் பெல்ட்டையும் திறப்பது மெக்கானிக்கின் பணியாகும்.

எந்திரம் நின்றிருந்தபோதும் கோல் இறுக்கமாகவே இருந்தால் கோல், கேபிள், தாங்கி ஆகியவற்றைப் பாருங்கள். ஒருமுறை மட்டும் கோல் ஓரிடத்தில் தடுத்து நின்றால் அஞ்ச வேண்டா. பல்லின் நுனியும் பல்லின் நுனியும் முட்டி நிற்கலாம். கோலை நடுநிலைக்குக் கொண்டுவந்து, வண்டி ஒரு சாண் நகருமாறு செய்து, மீண்டும் முயன்றால் கியர் விழும்.

கோல் தங்குதடையின்றி அசைந்தும் கியர் மாறவில்லை என்றால், கேபிள் நுனியிலுள்ள ஊசி கழன்றிருக்கலாம், தாங்கி முறிந்திருக்கலாம். ஓடும்போது கியர் தானாக நழுவினால் கேபிளின் நீளம் ஒழுங்கில் இல்லை, அல்லது கவ்வும் பற்கள் தேய்ந்துள்ளன. நழுவும் வண்டியைச் சரிவில் ஒருபோதும் ஓட்டலாகாது.

கேபிளா, பெட்டியா?

இதனை முடிவுசெய்ய ஒரு நல்ல சோதனை உண்டு. பயிற்சி பெற்றவர் ஒருவர் எந்திரத்தை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை இட்டபின், கேபிளைப் பெட்டியின் கையிலிருந்து கழற்ற வேண்டும். பிறகு அக்கையை விரலால் பிடித்து அசைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் ‘டக்’கென்று அமர்ந்து எளிதாக நகர்ந்தால் பெட்டி நலமே, குறை கேபிளிலோ கோலிலோ உள்ளது. கழற்றிய பின்னும் கை இறுகியிருந்தால் குறை பெட்டிக்குள் இருப்பதாகக் கொள்ளலாம்.

கேபிளில் குறை என்றால், முதலில் நீர் ஊற்றி மண்ணைக் கழுவி, இரப்பர் உறை கிழிந்துள்ளதா, புகைக்குழாயின் சூட்டில் கேபிளின் மேலுறை உருகியுள்ளதா, எங்கேனும் மடிந்துள்ளதா என்று காண்க. உள்ளே துருப்பிடித்த கேபிளுக்கு எண்ணெய் ஊற்றினால் ஓரிரு நாள் ஓடும். பிறகு மீண்டும் இறுகும். புதுக்கேபிள் இடுதலே தீர்வு.

கேபிள் நலமாக இருந்து நீளம் மட்டும் மாறியிருந்தால் ஒழுங்குபடுத்தலாம். தாங்கியின் இருபுறமும் இரண்டு நட்டுகள் கேபிளைப் பற்றியிருக்கும். அவை இப்போதுள்ள இடத்தை முதலில் சாயத்தால் குறித்துக்கொள்க. ஓட்டுநரின் கோலும் பெட்டியின் கையும் நடுநிலையில் இருக்கட்டும். ஒரு நட்டைத் தளர்த்தி, மற்றதைச் சிறிது சிறிதாகத் திருப்புக. ஊசி வற்புறுத்தாமல் தானாகத் துளையில் நுழையும் இடமே சரியான இடம். பின்னர் இரு நட்டுகளையும் இறுக்கி, ஊசியின் பூட்டை மறவாமல் இட்டு, எல்லா நிலைகளும் முழுமையாக அமர்கின்றனவா என்று சோதிக்க வேண்டும்.

பெட்டியில் குறை என்றால் எண்ணெயைப் பார்த்தாலே பல செய்திகள் தெரியும். பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது. எண்ணெய் வடிக்கும் ஆணியில் இரும்புத் துணுக்குகள் ஒட்டியிருந்தால் பற்கள் உடைகின்றன. வண்டியை அன்றே நிறுத்திவிட வேண்டும்.

சரிவில் நினைவிருக்க வேண்டியது

லாரியைக் கியரில் விட்டு நிறுத்தினால் எந்திரமே அதனைப் பிடித்துக்கொள்ளும் என்பது பழைய ஓட்டுநர்களின் அனுபவம். இவ்வண்டிக்கு அந்த அனுபவத்தை நம்பலாகாது. எந்திரம் நின்றதும் பெல்ட் பற்றுவிட்டுவிடலாம். பற்றுவிட்டால், கியர் விழுந்திருந்தும் வண்டி உருளும். பால் பீப்பாய்களின் எடையோடு உருளும் வண்டியை மனிதர் கையால் தடுக்க இயலாது. தடுக்க முயல்பவர் அதன் கீழ் அகப்படுவார்.

ஆகவே சரிவில் கால்பிரேக்கை அழுத்தி நிறுத்துங்கள். அடுத்துக் கைப்பிரேக்கை இடுங்கள். வண்டியின் எடை பிரேக்கின்மேல் அமர்ந்தபின்னரே நிறுத்தநிலைக்குக் கோலைக் கொண்டுசெல்லுங்கள். அதன்மேல் கட்டையும் வையுங்கள். இவ்வரிசையை மாற்றி, முதலில் கோலை நகர்த்தினால் முழு எடையும் ஒரு சிறு பல்லின்மேல் விழும். மீண்டும் புறப்படும்போது கோல் வெளிவராது. அவ்வாறு சிக்கினால், கால்பிரேக்கை அழுத்திக்கொண்டு வண்டியை மேட்டுப்பக்கமாகச் சிறிது அசைத்து எடையை நீக்கினால் கோல் விடுபடும். அவ்வேளையில் பள்ளத்துப் பக்கம் ஒருவரும் நிற்கலாகாது.

கோலுக்குக் குழாய் மாட்டி இழுத்தல், சுத்தியலால் தட்டுதல், வண்டி நகரும்போது கியர் மாற்றுதல், எண்ணெய் மிதியை அழுத்திக்கொண்டே கோலைத் தள்ளுதல் ஆகிய நான்கும் எக்காலத்தும் செய்யத்தகாதவை.

சொல்வது குற்றமன்று

இனி, அந்த இளைஞரின் அச்சத்திற்கு வருவோம். கோல் இறுகத் தொடங்கிய முதல் நாளே அவர் சொல்லியிருந்தால் ஓர் இரப்பர் உறையோடு போயிருக்கும். மூன்று நாள் மறைத்ததால் தாங்கியும் கேபிளும் போயின, பாலும் போயிற்று. சரிவில் வண்டி உருண்டிருந்தால் உயிரே போயிருக்கும்.

குறையை எடுத்துரைக்கும் தொழிலாளிக்கு நம் நாட்டுச் சட்டம் துணை நிற்கின்றது. 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி, பாதுகாப்புக் குறை பற்றி முறையிட்டார் என்ற ஒரே காரணத்திற்காக ஒரு தொழிலாளியை வேலைநீக்கம் செய்யவோ அவருக்குத் தீங்கு இழைக்கவோ முதலாளிக்கு உரிமையில்லை. 2022-இல் திருத்தப்பெற்று 2024-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடப்புக்கு வந்த விதிகள் மேலும் ஓர் உரிமையை அளிக்கின்றன. உடனடி ஆபத்து உண்டென்று நம்புவதற்குத் தக்க காரணம் இருந்து, அதனை அறிவித்தும் முதலாளி நீக்காவிடில், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம். அதே சட்டம், தம்முடைய பாதுகாப்பிலும் பிறருடைய பாதுகாப்பிலும் கருத்தாக இருக்கும் கடமையைத் தொழிலாளிக்கும் விதிக்கின்றது. ஆகவே குறையைச் சொல்வது உரிமை, கடமையும் ஆகும்.

நாள்தோறும் வேலை முடிந்ததும் கேபிள் நுனிகளில் படிந்த மண்ணைக் கழுவுங்கள். வாரம் ஒருமுறை இரப்பர் உறையையும் நட்டுகளையும் பாருங்கள். வண்டியில் ஒரு சிறு குறிப்பேடு இருக்கட்டும். கோல் என்று இறுகியது, எந்த நிலையில் இறுகியது, எந்திரம் ஓடும்போதா நின்றபோதா என்று அதில் எழுதி, அன்றே மண்டோரிடம் காட்டுங்கள். எழுத இயலாதவர் வாயால் சொன்னாலும் போதும்.

பதறாத காரியம் சிதறாது என்பர் நம் முன்னோர். கோல் மறுக்கும்போது கையின் வலிமையைக் காட்டாது, ஒரு நிமிடம் நின்று காரணத்தைத் தேடுவோம். பாலும் உரிய நேரத்தில் கொட்டகை சேரும். நாமும் நலமாக வீடு சேர்வோம்.