பூப்பெய்துதல் முதல் மெனோபாஸ் வரை: பெண்களின் ஹார்மோன் நலனை ஒரே தொடராகப் பார்க்க வேண்டியது ஏன்?

புதுடெல்லி: மாதவிடாய் தவறுகிறது, முகத்தில் பரு குறையவில்லை என்று 17 வயதில் தோல் மருத்துவரை அணுகுகிறாள் ஒரு பெண். 27 வயதில் கர்ப்பகால நீரிழிவுக்காக மகப்பேறு மருத்துவரிடம் செல்கிறாள். 38 வயதில் அதிக உதிரப்போக்கு ஏற்பட, கருப்பையை அகற்றிவிடலாம் என்று அறுவை சிகிச்சை நிபுணர் கூறுகிறார். 52 வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிகிறது. எலும்பு மருத்துவர் கட்டுப் போட்டு அனுப்புகிறார்.

நான்கு மருத்துவர்கள், நான்கு மருந்துச் சீட்டுகள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் இந்த நான்கு நிகழ்வுகளும் ஒன்றோடொன்று தொடர்புடையவையாக இருக்கலாம் என்பதே நாளமில்லாச் சுரப்பிகள் குறித்த இன்றைய மருத்துவ அறிவு கூறும் செய்தி. பெண்களின் ஹார்மோன் நலனுக்கு 'முழுமையான அணுகுமுறை' தேவை என்று மருத்துவர்கள் வலியுறுத்துவதன் பொருளும் இதுதான். சந்தையில் 'ஹார்மோன் சமநிலை' என்ற பெயரில் விற்கப்படும் பொடிகளுக்கும் விதைக் கலவைகளுக்கும் அந்தச் சொல் விளம்பரமாகிவிட்டது. மாதந்தோறும், நாள்தோறும் ஏறி இறங்குவதே ஹார்மோன்களின் இயல்பு என்னும்போது, அவற்றை ஒரே நிலையில் நிறுத்திவைப்பதாகக் கூறும் பொருளை ஐயத்துடன் பார்ப்பதே நல்லது.

உடலுக்குள் நடப்பது என்ன?

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதாலமஸ், அதற்குக் கீழே பட்டாணி அளவில் உள்ள பிட்யூட்டரி, அடிவயிற்றின் இருபுறமும் உள்ள சினைப்பைகள் ஆகிய மூன்றும் இடையறாது செய்தி பரிமாறிக்கொள்கின்றன. பிட்யூட்டரியின் கட்டளையை ஏற்று, சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகியவற்றைச் சுரக்கின்றன. இவை கருப்பைக்கு மட்டும் உரியவை அல்ல. எலும்பு, இரத்த நாளம், தோல், மூளை என உடலின் பல பகுதிகளில் ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் வாங்கிகள் உள்ளன. எனவே சினைப்பையில் ஏற்படும் மாற்றம் முழங்காலிலும் உறக்கத்திலும் மனநிலையிலும் எதிரொலிக்கிறது. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியும், கணையம் சுரக்கும் இன்சுலினும் இந்த உரையாடலில் பங்கேற்பவை.

பிறக்கும்போது ஒரு பெண் குழந்தையின் சினைப்பைகளில் 10 முதல் 20 லட்சம் வரை கருமுட்டைகள் இருக்கும். பருவம் எய்தும்போது அது 3 முதல் 4 லட்சமாகக் குறைந்துவிடும். வாழ்நாளில் முதிர்ந்து வெளியாவது ஏறத்தாழ 400 மட்டுமே.

வளரிளம் பருவம்: எது இயல்பு, எது அறிகுறி?

முதல் மாதவிடாய்க்குப் பிந்தைய இரண்டு, மூன்று ஆண்டுகளில் சுழற்சி முன்பின்னாக வருவது பெரும்பாலும் இயல்பே. அந்தக் காலத்தில் 21 முதல் 45 நாட்கள் வரையிலான இடைவெளி ஏற்கத்தக்கது. அதன் பின்னர் 21 முதல் 35 நாட்கள். ஆனால் முதல் மாதவிடாய் வந்து ஓராண்டு கடந்த பின்னும் ஏதேனும் ஒரு சுழற்சி 90 நாட்களைத் தாண்டினாலோ, 15 வயது நிறைந்தும் பூப்பெய்தாவிட்டாலோ மருத்துவரை அணுக வேண்டும்.

அதிக உதிரப்போக்கு இதைவிட எளிதாகக் கவனிக்கப்படாமல் போகிறது. 'எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இப்படித்தான்' என்ற ஒற்றை வாக்கியத்தில் பல சிறுமிகளின் இரத்தசோகை மறைந்துவிடுகிறது. 2019-21 காலத்தில் நடத்தப்பட்ட 5-வது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 19 வயது வரையிலான பெண்களில் 59.1 சதவீதத்தினருக்கு இரத்தசோகை உள்ளது. உணவில் இரும்புச்சத்துக் குறைவு இதற்கு முக்கியக் காரணம் என்றாலும் அது மட்டுமே காரணம் அல்ல. ஏழு நாட்களைத் தாண்டும் உதிரப்போக்கு, ஒரு மணி நேரத்திற்கு ஒரு நாப்கின் முழுதாக நனைதல் போன்றவை தைராய்டு குறைபாட்டையோ இரத்தம் உறைவதிலுள்ள பிறவிக் குறைபாட்டையோ சுட்டக்கூடும்.

'நீர்க்கட்டி' என்ற தவறான பெயர்

இவ்வயதில் தொடங்கிப் பல ஆண்டுகள் உடன்வருவது பிசிஓஎஸ். இதைச் 'சினைப்பை நீர்க்கட்டி' என்று அழைப்பது வழக்கமாகிவிட்டாலும் அங்கிருப்பவை உண்மையில் கட்டிகள் அல்ல. முழுமையாக முதிராமல் பாதியில் நின்றுவிட்ட கருமுட்டைப் பைகளே ஸ்கேனில் அவ்வாறு தெரிகின்றன. பெயரைக் கேட்டு அச்சமடைந்து 'கட்டியை அகற்ற வேண்டும்' என்று வரும் குடும்பங்களுக்கு இதை விளக்குவதே மருத்துவரின் முதல் வேலையாகிவிடுகிறது.

உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் 10 முதல் 13 சதவீதத்தினருக்கு பிசிஓஎஸ் உள்ளது. அவர்களில் 70 சதவீதம் பேர் வரை தமக்கு அது இருப்பதையே அறியாதவர்கள். ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண்மை ஹார்மோன் மிகுதி, ஸ்கேன் அல்லது ஏஎம்ஹெச் இரத்தப் பரிசோதனையில் தெரியும் சினைப்பை மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் வயது வந்த பெண்களுக்கு பிசிஓஎஸ் உறுதி செய்யப்படுகிறது. ஆனால் வளரிளம் பெண்களுக்கு முதலிரண்டும் இருந்தாக வேண்டும் என்றும், பூப்பெய்தி எட்டு ஆண்டுகள் வரை இதற்காக ஸ்கேனைச் சார்ந்திருக்கக் கூடாது என்றும் 2023-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் கூறுகிறது. அவ்வயதில் ஆரோக்கியமான சினைப்பையும் அவ்வாறே தோற்றமளிக்கும். 14 வயதுச் சிறுமிக்கு ஸ்கேன் அறிக்கையை மட்டும் வைத்து 'பிசிஓஎஸ்' முத்திரை குத்துவது சரியன்று.

பிசிஓஎஸ் என்பது குழந்தைப்பேறு தொடர்பான சிக்கல் மட்டும் அன்று. அதன் பின்னணியில் பெரும்பாலும் இன்சுலின் எதிர்ப்பு நிலை இருக்கும். எனவே பிசிஓஎஸ் உறுதியானவுடன் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்து, ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைத் தொடர வேண்டும் என்கிறது அதே வழிகாட்டுதல். 'திருமணமானால் சரியாகிவிடும்' என்று தள்ளிப்போடப்படும் ஆண்டுகளில் இந்தப் பரிசோதனையும் சேர்ந்தே தள்ளிப்போகிறது.

கர்ப்பகாலம் என்னும் முன்னறிவிப்பு

இந்தியாவில் பெண்ணின் உடலை அரசு மருத்துவக் கட்டமைப்பு மிகக் கவனமாகப் பார்ப்பது கர்ப்பகாலத்தில்தான். மாதந்தோறும் 9-ம் தேதி கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை வழங்கும் பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டம் 2016 முதல் நடைமுறையில் உள்ளது. கர்ப்பகால நீரிழிவைக் கண்டறிய 75 கிராம் குளுக்கோஸ் கரைசலை அருந்தச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை அளவிடப்படுகிறது. அது 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு எனக் கொள்ளப்படும். வெறும் வயிற்றுடன் வரத் தேவையில்லாத இந்த எளிய முறை, தொலைதூரக் கிராமங்களிலிருந்து வரும் பெண்களை மனத்தில் கொண்டது. சென்னையைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவர் வி.சேஷையாவின் பணி இதற்கு அடித்தளமாக அமைந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

சிக்கல் பிரசவத்திற்குப் பின் தொடங்குகிறது. கர்ப்பகால நீரிழிவு இருந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு, மற்றவர்களைக் காட்டிலும் ஏழு முதல் பத்து மடங்கு அதிகம் எனப் பல ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பீடுகள் தெரிவிக்கின்றன. பிரசவமாகி ஆறு வாரத்தில் மீண்டும் பரிசோதனை செய்யுமாறு தேசிய வழிகாட்டுதல் கூறுகிறது. அந்த ஆறாவது வாரத்தில் குழந்தை தடுப்பூசிக்கு அழைத்து வரப்படுகிறது. அதே நாளில் தாயின் சர்க்கரையையும் பார்த்துவிட முடியும். ஆனால் அன்று அனைவரின் கண்ணும் குழந்தை மீதுதான்.

பிரசவத்தை அடுத்து ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் சில நாட்களில் செங்குத்தாகச் சரிகின்றன. இதையொட்டி வரும் மனச்சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் சிகிச்சை தேவை. தைராய்டும் இக்காலத்தில் தடுமாறக்கூடும். இந்தியாவின் எட்டு நகரங்களில் நடத்தப்பட்டு 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், வயது வந்தோரில் 10.95 சதவீதத்தினருக்குத் தைராய்டு குறைபாடு இருப்பது தெரியவந்தது. பெண்களிடையே அது கூடுதலாக இருந்தது.

முப்பதுகளில் அகற்றப்படும் கருப்பை

பிள்ளைப்பேறு முடிந்ததும் கருப்பையின் பயனும் முடிந்துவிட்டது என்ற எண்ணம் சமூகத்தில் ஆழ வேரூன்றியிருக்கிறது. அதன் விளைவைத் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் எண்கள் காட்டுகின்றன. 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 3.3 சதவீதத்தினர் கருப்பை அகற்றும் அறுவை சிகிச்சைக்கு உள்ளானவர்கள். ஆந்திரம், தெலங்கானா ஆகிய மாநிலங்களில் இது தேசிய சராசரியைப் போல் இரு மடங்குக்கும் மேல். அறுவை சிகிச்சை நடந்த இடைநிலை வயது ஏறத்தாழ 34. மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவை தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. பாதிக்கும் மேற்பட்ட பெண்கள் கூறிய காரணம், அதிக உதிரப்போக்கு அல்லது வலி.

மகாராஷ்டிர மாநிலம் பீட் மாவட்டத்தில் இது வேறொரு வடிவம் எடுத்தது. கரும்பு வெட்டும் பணிக்காகத் தம்பதியராகவே அமர்த்தப்படும் தொழிலாளர்கள், ஒப்பந்ததாரரிடம் முன்பணம் பெற்றுச் செல்கின்றனர். மாதவிடாய் வலியால் ஒருநாள் பணிக்குச் செல்லாவிட்டாலும் அபராதம். அங்கு கருப்பை அகற்றும் சிகிச்சை பெருமளவில் நடப்பதாக 2019-ல் செய்திகள் வெளியானதை அடுத்து, மாநில அரசு குழு அமைத்தது. ஆய்வுக்கு உட்படுத்தப்பட்ட 82,000-க்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்களில் 13,000-க்கும் மேற்பட்டோர் கருப்பை அகற்றப்பட்டவர்கள் என்பது தெரியவந்தது. கழிப்பறையும் தண்ணீரும் இல்லாத கரும்புத் தோட்டத்தில் மாதவிடாய் என்பது உடல்நலப் பிரச்சினையாக மட்டும் இருக்கவில்லை, கூலிப் பிரச்சினையாகவும் இருந்தது.

ராஜஸ்தான், பீகார், சத்தீஸ்கர் ஆகிய மாநிலங்களில் காப்பீட்டுத் திட்டங்களைப் பயன்படுத்தித் தேவையற்ற அறுவை சிகிச்சைகள் நடந்ததாகத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரல் 5-ம் தேதி தீர்ப்பளித்தது. மத்திய சுகாதார அமைச்சகம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்களை மாநிலங்கள் மூன்று மாதங்களுக்குள் ஏற்றுச் செயல்படுத்த வேண்டும் என்று அது உத்தரவிட்டது. தேசிய, மாநில, மாவட்ட அளவில் கண்காணிப்புக் குழுக்கள் அமைப்பது அவற்றில் ஒன்று.

அதிக உதிரப்போக்குக்கு அறுவை சிகிச்சை முதல் தீர்வு அன்று. மாதவிடாய் நாட்களில் மட்டும் உட்கொள்ளும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை, புரோஜெஸ்டிரோன் மாத்திரைகள், கருப்பைக்குள் பொருத்தப்படும் ஹார்மோன் சாதனம் எனப் பல வழிகள் உள்ளன. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ஆர்மிலாக்சிஃபீன் மாத்திரையும் இதற்குப் பயன்படுகிறது. 'சஹேலி' என்ற பெயரில் 1991-ல் கருத்தடை மாத்திரையாக அறிமுகமான இது, அரசுத் திட்டத்தில் 'சாயா' என்ற பெயரில் இலவசமாக வழங்கப்படுகிறது. புற்றுநோய், பெரிய நார்த்திசுக் கட்டி போன்றவற்றில் அறுவை சிகிச்சை தவிர்க்க இயலாததாகலாம். அப்போதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சினைப்பைகளும் அகற்றப்படுமா?

கருப்பையுடன் இரு சினைப்பைகளையும் அகற்றினால், அன்றே மாதவிடாய் நின்ற நிலை தொடங்கிவிடும். சினைப்பைகளை விட்டுவைத்தாலும் அந்நிலை சில ஆண்டுகள் முன்னதாக வரக்கூடும். 45 வயதுக்கு முன் ஈஸ்ட்ரோஜனை இழப்பது எலும்புத் தேய்மானத்துக்கும் இதய நோய்க்கும் வழிவகுக்கும் என்பதால், தடை ஏதும் இல்லாத பெண்களுக்கு இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரையிலேனும் ஹார்மோன் சிகிச்சை அளிக்க மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. இதை அறியாமலே வீடு திரும்பும் பெண்கள் ஏராளம். மருத்துவமனை தரும் விடுவிப்புச் சுருக்கத்தில் எவையெல்லாம் அகற்றப்பட்டன என்பது எழுதப்பட்டிருக்கும். அந்தத் தாளைப் பத்திரப்படுத்த வேண்டும்.

மெனோபாஸ்: திட்டங்களில் இல்லாத கால் நூற்றாண்டு

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால் அது மெனோபாஸ். மேலை நாடுகளில் சராசரியாக 51 வயதில் வரும் இந்நிலை, இந்தியப் பெண்களுக்கு 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது. அதன் பின் ஏறத்தாழ கால் நூற்றாண்டு வாழ்க்கை இருக்கிறது. நாட்டின் முதன்மையான மகளிர் நலத் திட்ட உத்தியின் பெயரில் இனப்பெருக்கம், தாய், பச்சிளங்குழந்தை, குழந்தை, வளரிளம் பருவம் என அனைத்தும் வரிசையாக இடம்பெற்றுள்ளன. அந்த நீண்ட பெயரில் ஐம்பது வயதுப் பெண்ணுக்கு மட்டும் இடமில்லை.

திடீர் வெப்ப உணர்வு, இரவு வியர்வை, உறக்கமின்மை, மறதி, பிறப்புறுப்பு வறட்சி ஆகியவை இக்கால அறிகுறிகள். ஹார்மோன் சிகிச்சை இவற்றைத் திறம்படக் குறைக்கும். ஆனால் அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடத்தப்பட்ட பெரும் ஆய்வின் முடிவு 2002-ல் வெளியானபோது, மார்பகப் புற்றுநோய், பக்கவாத அச்சம் உலகெங்கும் பரவி மருத்துவர்களே அதைக் கைவிட்டனர். அந்த ஆய்வில் பங்கேற்றோரின் சராசரி வயது 63 என்பது அன்று போதிய கவனம் பெறவில்லை. 60 வயதுக்குட்பட்ட, மாதவிடாய் நின்று 10 ஆண்டுகள் கடக்காத, ஆரோக்கியமான பெண்களுக்குப் பயனே மிகுதி என்பது இன்றைய நிலைப்பாடு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 நவம்பரில், இம்மருந்துகளின் மீதிருந்த கட்டமிட்ட எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை நீக்கும் நடவடிக்கையை அறிவித்தது. மார்பகப் புற்றுநோய், இரத்த உறைவு, பக்கவாதம், கல்லீரல் நோய் கண்டவர்களுக்கு இது பொதுவாக ஏற்றதன்று. அவர்களுக்கு ஹார்மோன் அல்லாத மருந்துகள் உள்ளன.

மாதவிடாய் நின்ற பின்னரான ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் எலும்பு அடர்த்தியில் 20 சதவீதம் வரை இழப்பு ஏற்படலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2020-ம் ஆண்டுப் பரிந்துரை. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ளது. பால், தயிர், எள், கீரை ஆகியவை மீதியை ஈடுசெய்யும். எடை தாங்கும் உடற்பயிற்சியும் வேண்டும். 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்கள், 65 வயது வரை காத்திராமல் எலும்பு அடர்த்திப் பரிசோதனை குறித்து மருத்துவரிடம் கேட்கலாம்.

மெனோபாஸ் கடந்த பின் ஒரு துளி உதிரம் தென்பட்டாலும் அதை 'மீண்டும் வந்துவிட்டது' என்று விட்டுவிடக் கூடாது. பெரும்பாலும் அது சாதாரணக் காரணத்தால் ஏற்படுவதே என்றாலும், கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம்; தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டால் அது பெரும்பாலும் குணமாகக்கூடியது. இளவயதில் பிசிஓஎஸ் இருந்த பெண்களுக்கு இதன் வாய்ப்பு சற்றே கூடுதல் என்பதால், 17 வயதில் எழுதப்பட்ட அந்த மருந்துச் சீட்டை மருத்துவரிடம் காட்டுவது பயன் தரும்.