"வேண்டாம்" என்ற பிள்ளைக்கு ஒரு வாய் சோறு

எங்கள் ஒழுங்கையில் விளையாடப் போகும் என் மகள் ஒருநாளும் பசியோடு திரும்பியதில்லை. போன மாதம் ஒருநாள் வாந்தியோடு திரும்பினாள். பக்கத்து வீட்டு அக்கா, தன் கடைக்குட்டிக்குத் தீத்திய சோற்றை இவளுக்கும் தீத்தியிருக்கிறார். "வேண்டாம் பெரியம்மா" என்றவளை, தட்டு முடியும்வரை எழும்ப விடவில்லையாம். ஏழு வயதுப் பிள்ளைக்குத் தன் வயிறு நிறைந்தது தெரியாதா?

கோபத்தோடுதான் படலையைத் திறந்தேன்.

"ஏனக்கா, வேண்டாம் எண்ட பிள்ளைக்குத் தீத்தினீங்கள்?"

அவர் சண்டை பிடிக்கவில்லை. "மாத்தளனிலை மூத்தவன் சோறு கேட்டு அழுதவன், பிள்ளை. என்னட்டைக் கஞ்சித் தண்ணிதான் இருந்தது. இப்ப அவன் கொழும்பிலை வேலை. போன் எடுத்தா, சாப்பிட்டியோ எண்டுதான் முதல் கேக்கிறனான்" என்றார்.

2009 இல் நானும் அந்தக் கஞ்சிக்கு வரிசையில் நின்றவள்தான். பிறகு செட்டிகுளம் முகாமிலும் வரிசைதான். அதனால் அன்று என்னால் மேலே பேச முடியவில்லை.

போர் தனி மனிதரை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்பதை மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 'கூட்டு மனவடு' என்று பல ஆண்டுகளாக எழுதி வருகிறார். பிள்ளை வளர்ப்பில் இதை நான் தினமும் பார்க்கிறேன். பிள்ளையைக் கண்பார்வையிலிருந்து விடாதே, கிடைக்கும்போது ஊட்டிவிடு, சொன்னவுடன் சத்தம் போடாமல் இருக்கப் பழக்கு: பங்கருக்குள் இவைதான் பிள்ளைகளைக் காப்பாற்றின. சண்டை நின்ற பிறகும் பழக்கம் நிற்கவில்லை. நான் மட்டும் என்ன? கோயில் திருவிழாவில் வெடி வெடித்தால் மகளை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடுகிறேன். அது மற்றத் தாய்மாருக்கு எவ்வளவு எரிச்சலோ.

இதற்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. "சொல்வழி கேக்காட்டி ஆமியிட்டைப் பிடிச்சுக் குடுப்பன்" என்று பிள்ளையை வெருட்டுவதை இன்றும் கேட்கிறேன். கையளித்த பிள்ளைகள் எங்கே என்று கேட்டு, 2017 பெப்ரவரியில் தாய்மார் படங்களோடு போராட்டத்தில் அமர்ந்த கிளிநொச்சியில் இருந்துகொண்டு இதை எப்படிச் சொல்ல வாய் வருகிறது? அதைக் கேட்டால் நான் அந்த இடத்திலேயே மறுத்துச் சொல்லுவேன். தடியெடுத்து அடிப்பதும் அப்படித்தான். பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005 இலேயே சுற்றறிக்கை விட்டது. வீடுகளில் பூவரசங் கம்பு இன்னும் கூரையில் செருகியபடியே இருக்கிறது. எல்லை மீறினால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

புலமைப்பரிசில் பரீட்சைப் புள்ளியை ஒப்பிடுபவர்களுக்கு என்னிடம் இருப்பது ஒரு "ம்". பிறகு தேங்காய் விலையைப் பற்றிக் கதைப்பேன்.

அக்காவோடு கதைக்க மட்டும் ஒரு கிழமை எடுத்தேன். பிள்ளைகள் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். அவருடைய வளர்ப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "அக்கா, இவளுக்கு வயிறு நிறைஞ்சாப் பிறகு தீத்தினாச் சத்தி வருது. அவள் போதும் எண்டா விட்டிடுங்கோ" என்றேன். மகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன்: ஓடி ஒளியாதே, முகத்தைப் பார்த்து "போதும் பெரியம்மா" என்று சொல்.

இப்போது அக்கா அவளுக்குச் சின்னத் தட்டில்தான் போடுகிறார். அவள் "போதும்" என்கிறாள். அவர் "இன்னும் ஒரு வாய்" என்கிறார். அந்த ஒரு வாயை மட்டும் மகள் வாங்கிக்கொள்கிறாள். நான் வேலிக்கு இந்தப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்றும் சொல்வதில்லை.