மடிக்கணினியில் சார்ஜ் ஏறவில்லையா?
போர்ட் கொச்சி: இங்கே உப்புக் காற்றும் இடவப்பாதி ஈரமும் ஜன்னல் கம்பியை மட்டுமா அரிக்கின்றன? மடிக்கணினியின் மதர்போர்டையும் விடுவதில்லை.

சார்ஜ் ஏறாவிட்டால், புதுப் போர்டு வாங்க எர்ணாகுளத்துக்குப் படகேறுமுன் சற்றுப் பொறுக்கவும். முதலில் அதே வோல்ட்டுள்ள வேறு சார்ஜரைச் செருகிப் பார்க்க வேண்டும். கழற்றக்கூடிய பேட்டரியானால், கழற்றிவிட்டு இயக்கிப் பார்க்கலாம். பயனில்லையேல் மெக்கானிக் மல்டிமீட்டரை எடுக்கிறார். உருண்டை முனைச் சார்ஜரானால், ஜாக்கில் சுமார் 19 வோல்ட் வருகிறதா? மாஸ்பெட்டுகளைத் தாண்டுகிறதா? அதிலிருந்து 3.3, 5 வோல்ட்டுகள் பிறக்கின்றனவா? எங்கே நிற்கிறதோ, கோளாறு அதை ஒட்டியே இருக்கும். சில வேளை, ஷார்ட்டான கடுகளவுக் கெபாசிட்டர் ஒன்றை மாற்றினாலே உயிர் வந்துவிடும்.

ஈரம் பட்டதென்றால் மட்டும் சுவிட்சைத் தொடக் கூடாது. உப்பீரத்தில் மின்சாரம் பாய்ந்தால் செம்புத் தடங்கள் விரைவில் அரித்துப் போகும். நூறுகளில் முடியக்கூடிய வேலைக்கு ஆயிரங்களைக் கொட்டுவானேன்?