நுரையீரல் புற்றுநோய்: கீமோவில் ஏன் இரண்டு மருந்துகள்? காய்ச்சல் வந்தால் ஏன் காத்திருக்கக் கூடாது?

"ஒரு மருந்தே ஆளை அடிச்சுப் போட்டுடும்னு சொல்றாங்க. இதுல ரெண்டா?" நுரையீரல் புற்றுநோய்க்கு கீமோதெரபி தொடங்கும்போது பல வீடுகளில் எழும் கேள்வி இது.

ஏன் இரண்டு?

ஒரே கட்டியில் இருக்கும் புற்றுநோய் செல்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரு மருந்துக்குத் தப்பும் செல், வேறு வழியில் தாக்கும் இன்னொரு மருந்திடம் சிக்கலாம். அதனால்தான் இந்தக் கூட்டு சிகிச்சை.

ஒன்று, பெரும்பாலும் சிஸ்பிளாட்டின் அல்லது கார்போபிளாட்டின். இவை செல்லின் டி.என்.ஏ-வைச் சேதப்படுத்தும். கூடச் சேரும் மருந்து, நோயின் வகையைப் பொறுத்தது. உதாரணமாக, பாக்லிடாக்சல் செல் இரண்டாகப் பிரிவதைத் தடுக்கும். வழக்கமாக 21 நாள்கள் ஒரு சுற்று. 4 முதல் 6 சுற்றுகள் வரை கொடுப்பார்கள்.

எல்லாருக்கும் எல்லாம் வருமா?

வராது. பக்கவிளைவு மருந்துக்கு மருந்து, ஆளுக்கு ஆள் மாறும்.

* சிஸ்பிளாட்டின்: கடும் வாந்தி, சிறுநீரகப் பாதிப்பு, காது இரைச்சல். வாந்தியைத் தடுக்கும் மருந்தை முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள்.
* கார்போபிளாட்டின்: ரத்தத் தட்டணுக்கள் குறையலாம்.
* பாக்லிடாக்சல்: முடி கொட்டும், கை, கால் விரல்கள் மரத்துப்போகலாம்.
* பெமட்ரக்செட்: இதற்கு முன்பே ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் பி12 ஊசியும் தொடங்குவார்கள். 'வெறும் சத்து மாத்திரைதானே' என்று விட்டுவிடாதீர்கள். பக்கவிளைவைக் குறைக்கத்தான் அது.

காய்ச்சல்தான் அபாய மணி

முடி திரும்ப முளைக்கும். வாந்திக்கு மருந்து இருக்கிறது. உயிருக்கே ஆபத்தாகக்கூடியது, வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது வரும் தொற்று. கீமோ போட்டு 7 முதல் 14 நாள்களுக்குள் இந்த அணுக்கள் பொதுவாக மிகவும் குறையும். அப்போது சளி, சீழ் போன்ற அறிகுறிகள்கூடத் தெரியாமல் போகலாம். காய்ச்சல் மட்டுமே தெரியலாம்.

"ஒரு பாராசிட்டமால் போட்டுட்டு காலைல பாத்துக்கலாம்" என்பது இங்கேதான் ஆபத்து. மாத்திரை சூட்டைத்தான் குறைக்கும், தொற்றை அல்ல. சில மணி நேரத்திலேயே நிலைமை மோசமாகலாம். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். உள்ளே நுழைந்ததும் முதலில் சொல்ல வேண்டியது: "கீமோ போட்டுட்டு இருக்காங்க."

வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும். கீமோ விவரம் உள்ள ஃபைலை கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். இரவில் எந்த எண்ணுக்கு அழைப்பது என்பதை முதல் சுற்று முடிந்து வீடு திரும்பும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.