பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பெட்ரோல் தொட்டியை மின்னணு எரிபொருள் உட்செலுத்தலுக்கு மாற்றியமைத்தல்

கார்புரேட்டருடன் வெளிவந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் பிற்காலத்தில் மின்னணு எரிபொருள் உட்செலுத்தல் முறையைப் பொருத்துவது உலகின் பல நாடுகளில் நடைமுறையில் உள்ளது. இம்மாற்றத்தில் இன்ஜெக்டர், உணரி, கட்டுப்பாட்டுக் கணினி ஆகியவற்றுக்கே பெரும்பாலும் கவனம் தரப்படுகிறது. ஆனால் பழைய பெட்ரோல் தொட்டியை அப்படியே விட்டுவிட்டால் மற்ற வேலைகள் சரியாக இருந்தாலும் எஞ்சின் பழுதடையலாம். தொட்டியில் ஏன் மாற்றம் தேவை, அதற்கான வழிகள் யாவை, எவற்றில் ஆபத்து உள்ளது என்பவற்றை டட்சன் 240இசட் காரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

எடுத்துக்காட்டுக் கார்

ஜப்பானின் நிசான் நிறுவனம் 1969இல் அறிமுகப்படுத்திய இக்கார், அமெரிக்காவில் டட்சன் 240இசட் என்ற பெயரில் விற்கப்பட்டது. இதன் 2,393 கன செ.மீ. கொண்ட ஆறு உருளை எஞ்சினுக்கு இரண்டு கார்புரேட்டர்கள் பெட்ரோல் அளித்தன. சுமார் 60 லிட்டர் கொள்ளளவுள்ள எஃகுத் தொட்டி, காரின் பின்பக்கத் தளத்திற்கு அடியில் தொங்கவிடப்பட்டிருந்தது. இதே வரிசையில் 1975இல் வந்த 280இசட் காரில், போஷ் நிறுவனத்தின் எல்-ஜெட்ரானிக் முறையைத் தழுவிய மின்னணு உட்செலுத்தல் இடம்பெற்றது. அதற்கென உயர் அழுத்த மின்சாரப் பம்ப் தொட்டிக்கு அருகே பொருத்தப்பட்டது. பழைய 240இசட் காரை மாற்றியமைப்பவர்களும் இவ்வேலையை எஞ்சின் பக்கத்தில் மட்டுமல்லாமல் தொட்டிப் பக்கத்திலும் செய்ய வேண்டியுள்ளது.

கார்புரேட்டருக்கும் உட்செலுத்தலுக்கும் உள்ள வேறுபாடு

கார்புரேட்டருக்கு 0.2 முதல் 0.3 பார் வரையிலான அழுத்தமே போதும். அதன் மிதவை அறையில் எப்போதும் சிறிதளவு பெட்ரோல் தேங்கி நிற்கும். வளைவில் திரும்பும்போது தொட்டியின் உறிஞ்சு குழாய் ஓரிரு வினாடிகள் காற்றை இழுத்தாலும், மிதவை அறையில் உள்ள பெட்ரோல் அக்குறையை ஈடுசெய்துவிடும். ஓட்டுநருக்கு எதுவும் தெரியாது.

உட்செலுத்தல் முறையில் அத்தகைய சேமிப்பு இல்லை. இங்கு அழுத்தம் பொதுவாக 2.5 முதல் 3 பார் வரை, அதாவது ஏறத்தாழ பத்து மடங்கு. பம்ப் காற்றை இழுத்தவுடன் அழுத்தம் விழுகிறது. கணினி கணக்கிட்ட நேரத்திற்கே இன்ஜெக்டர் திறந்தாலும் வெளிவரும் பெட்ரோல் குறைகிறது. எஞ்சின் முழுச் சுமையில் இருக்கும்போது இவ்வாறு காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த கலவை எரிந்தால், நாக்கிங் ஏற்பட்டு பிஸ்டன் சேதமடையலாம். பெட்ரோலையே குளிர்விப்பாகவும் மசகாகவும் பயன்படுத்தும் பம்பும் விரைவில் தேய்ந்துவிடும்.

தொட்டிக்குள் பெட்ரோல் நகரும் விதம்

கார் வளைவில் 0.5 ஜி பக்கவாட்டு முடுக்கத்தை அடையும்போது, தொட்டியில் உள்ள பெட்ரோலின் மேற்பரப்பு ஏறத்தாழ 27 பாகை சாய்கிறது. தொட்டி 60 செ.மீ. அகலம் எனில், ஒரு பக்கத்திற்கும் மறு பக்கத்திற்கும் இடையே 30 செ.மீ. உயர வேறுபாடு தேவைப்படும். தட்டையான தொட்டிகள் பலவற்றுக்கு அவ்வளவு ஆழமே கிடையாது. எனவே கால் பங்கு பெட்ரோல் உள்ள தொட்டியில், முழுவதும் ஒரு மூலைக்கு ஒதுங்கி உறிஞ்சு குழாயின் வாய் வெறுமையாகிவிடும். ஸ்போர்ட்ஸ் கார் வேகமாக வளைவதற்கென்றே உருவாக்கப்பட்டது என்பதால் இது அரிதான நிலை அன்று.

மாற்றியமைக்கும் வழிகள்

1. தடுப்புப் பெட்டி: தொட்டியின் உள்ளே, உறிஞ்சு குழாயைச் சுற்றி ஒரு சிறு பெட்டி அமைக்கப்படுகிறது. அதன் அடியில் உள்ள சிறு துளைகள் அல்லது உள்நோக்கி மட்டும் திறக்கும் கதவுகள் வழியாகப் பெட்ரோல் உள்ளே வரும், எளிதில் வெளியேறாது. எஞ்சினிலிருந்து திரும்பும் பெட்ரோலையும் இப்பெட்டிக்குள்ளேயே விட்டால் அது நிறைந்தே இருக்கும். திரும்பு குழாயின் வாய் உறிஞ்சு குழாயை நேராக நோக்கி இருக்கக் கூடாது. நுரையும் குமிழ்களும் பம்பினுள் செல்லும்.

2. தொட்டிக்குள் பம்ப்: தடுப்புப் பெட்டிக்குள்ளேயே பம்ப் மூழ்கியிருக்குமாறு அமைப்பது இன்றைய கார்களின் முறை. பம்ப் குளிர்ச்சியாக இயங்கும், ஓசையும் குறையும். உயர் அழுத்தப் பம்புகள் தள்ளுவதில் வலியவை, இழுப்பதில் எளியவை. வெளியில் இருந்து நீண்ட குழாய் வழியாக இழுத்தால், வெப்பமான நாட்களில் பெட்ரோல் ஆவியாகிப் பம்ப் திணறும்.

3. இடைத்தொட்டி: முதன்மைத் தொட்டியைத் தொடாமல் செய்யக்கூடிய வழி இது. குறைந்த அழுத்தப் பம்ப் ஒன்று முதன்மைத் தொட்டியிலிருந்து ஒன்று முதல் மூன்று லிட்டர் கொள்ளும் சிறு தொட்டியை நிரப்புகிறது. உயர் அழுத்தப் பம்ப் அச்சிறு தொட்டியின் அடியிலிருந்து எடுக்கிறது. மிகுதியான பெட்ரோலும் காற்றும் அதன் உச்சியில் உள்ள குழாய் வழியாக முதன்மைத் தொட்டிக்குத் திரும்பும்.

இடைத்தொட்டி முறையில் திரும்பு குழாயை எங்கே இணைப்பது என்பது முக்கியமானது. சுமார் 150 குதிரைத்திறன் தரும் எஞ்சின் முழுச் சுமையில் மணிக்கு ஏறத்தாழ 45 முதல் 50 லிட்டர், அதாவது வினாடிக்கு சுமார் 13 மி.லி. பெட்ரோலை எரிக்கும். எஞ்சினிலிருந்து திரும்புவது இடைத்தொட்டிக்கே வந்தால், இரண்டு லிட்டர் இரண்டரை நிமிடம் தாங்கும். திரும்புவதை முதன்மைத் தொட்டிக்கு அனுப்பிவிட்டால், மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பம்ப் அதே இரண்டு லிட்டரை அரை நிமிடத்திற்குள் காலி செய்துவிடும்.

240இசட் காரில் பொருட்கள் வைக்கும் பின்பகுதியும் பயணிகள் அமரும் பகுதியும் ஒரே வெளியாக உள்ளன. ஆகவே இடைத்தொட்டியை அங்கே வைத்தால் சிறு கசிவின் ஆவியும் பயணிகளை அடையும். அதைத் தளத்திற்கு அடியிலோ, வெளியே காற்றோட்டம் உள்ள மூடிய பெட்டிக்குள்ளோ வைப்பதே பாதுகாப்பானது.

குழாய்களும் வடிகட்டிகளும்

கார்புரேட்டருக்கான ரப்பர் ஹோஸ்களை உயர் அழுத்தப் பக்கத்தில் பயன்படுத்தக் கூடாது. எஸ்ஏஇ ஜே30ஆர்9 எனக் குறிக்கப்பட்டவை உட்செலுத்தலுக்கானவை. தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் ஹோஸுக்கு ஜே30ஆர்10 வகை தேவை. சாதாரண ஹோஸின் வெளிப்புறம் பெட்ரோலில் ஊறிச் சிதைந்துவிடும். பம்புக்கு முன் சுமார் 100 மைக்ரான் அளவுள்ள வடிகட்டியும், பம்புக்குப் பின் சுமார் 10 மைக்ரான் அளவுள்ள வடிகட்டியும் வைப்பது வழக்கம். திரும்பு குழாய் மிகவும் ஒடுக்கமாக இருந்தால் பெட்ரோல் தேங்கி, அழுத்தச் சீராக்கியால் அழுத்தத்தைக் குறைக்க இயலாமல் போகும். பழைய தொட்டியின் ஆவிக் குழாய்களையும் காற்றுத் துளையையும் அடைத்துவிடக் கூடாது.

வெல்டிங்கில் உள்ள ஆபத்து

காலியான பெட்ரோல் தொட்டி, நிறைந்த தொட்டியைவிட ஆபத்தானது. காற்றில் பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு இருந்தால் அது வெடிக்கும் கலவையாகும். தொட்டியை வடித்து, நீரால் கழுவி, பல நாள் வெயிலில் வைத்த பிறகும், துருவிலும் தகட்டு மடிப்புகளிலும் தங்கிய பெட்ரோல் வெப்பம் பட்டதும் ஆவியாக வெளிவரும். மணம் இல்லை என்பது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது. வெல்டிங் மட்டுமல்ல, அரைக்கும் இயந்திரத்தின் தீப்பொறியும் போதுமானது.

பழைய எஃகுத் தொட்டிகள் பலவற்றுக்கு ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு உண்டு. வெல்டிங் செய்யும்போது அதிலிருந்து நச்சுப் புகை எழும். எனவே தொட்டியை வெட்டி ஒட்டும் வேலையை, நீராவியால் சுத்தம் செய்து, ஆவிமானியால் சோதித்து, மந்த வாயு நிரப்பி வேலை செய்யும் வசதியுள்ள பணிமனையிடமே ஒப்படைக்க வேண்டும். வீட்டில் செய்பவர்களுக்கு இடைத்தொட்டி முறையோ, புதிதாகச் செய்த தொட்டியோ ஏற்றது.

மின் இணைப்பு

பம்பைச் சாவியுடன் நேராக இணைத்தால், விபத்தில் குழாய் அறுந்து எஞ்சின் நின்ற பிறகும் பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். அதனால் ரிலே வழியாகக் கணினியே பம்பை இயக்க வேண்டும். சாவி போட்டதும் ஓரிரு வினாடிகள் மட்டும் இயங்கி, எஞ்சின் சுழன்றால்தான் அது தொடர வேண்டும். மோதலில் மின்சாரத்தைத் துண்டிக்கும் நிலைம சுவிட்சு கூடுதல் பாதுகாப்பு.

சோதனை

முதலில் எஞ்சினை இயக்காமல் பம்பை மட்டும் இயக்கி, தீயணைப்பானை அருகில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் இணைப்பிலும் கசிவு உள்ளதா எனப் பார்க்க வேண்டும். அடுத்து, இயங்கு அழுத்தத்தில் திரும்பு குழாய் வழியே நிமிடத்திற்கு எவ்வளவு பெட்ரோல் வருகிறது என அளக்க வேண்டும். மேற்கண்ட எஞ்சினுக்கு அது 0.8 லிட்டருக்கு மேல் இருப்பது அவசியம். இறுதியாக, தொட்டியில் கால் பங்கு பெட்ரோலுடன் போக்குவரத்து இல்லாத மூடிய இடத்தில் காரை இடமாகவும் வலமாகவும் வட்டமிட்டு ஓட்டி, அழுத்த அளவைப் பதிவு செய்ய வேண்டும். இரு திசையிலும் அழுத்தம் சரியாமல் நின்றால்தான் தொட்டி வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.