ஜாமீன் கிடைச்சும் ஜெயில்ல இருக்கணுமா? எல்லை தாண்டினால் வரும் 'உள்ளூர் ஜாமீன்தாரர்' சிக்கல்

திருத்தணியில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் நகரி. 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நகரி ஆந்திராவிலேயே இருந்துவிட்டது. கல்யாணம், வியாபாரம்னு போய் வர்றவங்களுக்கு இந்த எல்லை கண்ணுக்கே தெரியாது. ஆனால், அந்தப் பக்கம் ஒரு வழக்கில் கைதானால் எல்லை சட்டென்று தெரியும்.

என்ன பிரச்னை?

ஜாமீன் உத்தரவு வந்தால் உடனே வெளியே வந்துவிடலாம் என்று நினைக்கிறோம். பல வழக்குகளில் கோர்ட் ஜாமீன்தாரர் கேட்கும். நீங்கள் விசாரணைக்கு வராமல் போனால், பத்திரத்தில் உள்ள தொகைக்கு அவர் பொறுப்பு. தப்பிப் போனவரைத் தேட ஒரு பிடி வேண்டும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. 'உள்ளூர்க்காரர்தான் வேணும்' என்று நிபந்தனை போட்டால் சிக்கல் ஆரம்பம். ஆந்திராவில் சொத்து வைத்திருக்கும் ஒருவர், முகம் தெரியாத தமிழ்நாட்டுக்காரருக்காக ஏன் கையெழுத்துப் போடணும்?

செம்மர வழக்குகளில் கைதாகி ஆந்திரச் சிறைகளுக்குப் போன ஜவ்வாது மலைத் தொழிலாளர்களை நினைத்துப் பாருங்கள். மொழி தெரியாது, வக்கீலைத் தெரியாது. கையெழுத்துப் போட அங்கே யாரைப் போய்க் கேட்பார்கள்?

சுப்ரீம் கோர்ட் என்ன சொன்னது?

1978-ல் மோதி ராம் வழக்கு. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஏழைக் கொத்தனார். அவருக்கு 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார் மாஜிஸ்திரேட். அண்ணன் தம்பி உறவில் ஒருவர் முன்வந்தும், அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று ஏற்கவில்லை. நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அதை ரத்து செய்து, 1,000 ரூபாய் சொந்தப் பத்திரத்தில் விடச் சொன்னார். ஒரு தமிழரோ தெலுங்கரோ பஸ்தரிலோ சாந்தினி சௌக்கிலோ கைதானால் அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்பதுதான் அவருடைய கேள்வி.

45 வருஷம் கழித்து, 2023 ஜனவரி 31-ல் மறுபடியும் சுப்ரீம் கோர்ட் சில வழிமுறைகளைச் சொன்னது:

* ஜாமீன் கிடைத்தும் 7 நாளில் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும்.
* ஒரு மாதத்தில் பத்திரம் தாக்கல் ஆகாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட் தானாகவே பார்க்கலாம்.
* வெளியே வந்து ஜாமீன்தாரரை ஏற்பாடு செய்துகொள்ள, தற்காலிக ஜாமீனும் கேட்கலாம்.
* விடுதலையைத் தாமதப்படுத்தும் உள்ளூர் ஜாமீன்தாரர் நிபந்தனையை கோர்ட்டுகள் போடாமல் இருக்கலாம்.

கையில் காசே இல்லைன்னா?

ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால், கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியாதவரை வசதியில்லாதவராகவே கருத வேண்டும். சொந்தப் பத்திரமே போதும். இது பி.என்.எஸ்.எஸ். பிரிவு 478. ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் ஜாமீனுக்கு உதவி உண்டு. போதைப்பொருள், ஊழல் போன்ற வழக்குகளுக்கு இது கிடையாது.

விசாரணையே முடியலைன்னா?

பிரிவு 479-ன்படி, முதல் முறை வழக்கில் சிக்கியவர் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்தாலே பத்திரத்தில் விடுவிக்க வேண்டும். மற்றவர்களுக்குப் பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்குப் பொருந்தாது. இன்னொரு சிக்கலும் இருக்கு: ஒருவர் மேல் பல வழக்குகள் நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது.

வீட்டுக்காரங்க என்ன செய்யணும்?

15100-க்குப் போன் பண்ணி இலவச சட்ட உதவி கேளுங்கள். ஜாமீன் உத்தரவு வந்த தேதியைக் குறித்து வையுங்கள். 7 நாள் தாண்டியும் ஆள் வரவில்லையா? சிறை எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். சொந்த ஊர் ஜாமீன்தாரரை ஏற்கும்படி மனுப் போடச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள். கேட்காமல் விட்டால், ஜாமீன் உத்தரவு ஃபைலிலேயே கிடக்கும். ஆள் உள்ளேயே இருப்பார்.